போர்வெல்லுக்குள் தண்ணீரைத் திணிக்காதீர்கள்

போன ஐப்பசியில் பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வற்றிப்போன போரின் (ஆழ்துளைக் கிணற்றின்) வாயை இறுக்கி மூடி, நிலத்தடி நீர் ஊறட்டும் என்று பண்ணைக்குட்டைத் தண்ணீரை மோட்டார் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் போனபோது, மேல்மண் சரியாமல் இருக்கப் போருக்குள் இறக்கியிருக்கும் கேசிங் பைப்பைச் சுற்றி மண் கொப்பளித்து, செம்மண் தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க, அழுத்தி விட்டா சீக்கிரம் எறங்காதுங்களா?" என்றார் தோட்டத்துப் பெரியவர்.

இறங்காதுங்க. நம் பக்கத்துக் கடும்பாறையில் தண்ணீர் ஓட வழி வெடிப்புகள்தான். அவை எவ்வளவு வாங்குமோ அவ்வளவுதான் வாங்கும். அழுத்தமும் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. 10 மீட்டர் உயரத் தண்ணீர், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் தரும். நீர்மட்டம் 300 அடியில் இருக்கும் போரை மேல்வரை நிரப்பினாலே 9 கிலோ அழுத்தம் கூடிவிடும். அதற்கு மேல் மோட்டாரும் சேர்ந்து தள்ளினால், கேசிங்குக்கு வெளியே இருக்கும் சந்து வழியாகத் தண்ணீர் மேலேறும். மண் கரையும், கேசிங் ஆடிப்போகும், சரிந்த மண் போருக்குள்ளேயே விழும்.

அதனால் முதலில் போரைக் கேளுங்கள். 1,000 லிட்டர் தெளிந்த தண்ணீரை ஊற்றி, மட்டம் எவ்வளவு நேரத்தில் பழைய இடத்துக்கு இறங்குகிறது என்று கயிறு விட்டுப் பாருங்கள். அப்புறம் அந்த வேகத்துக்குத் தக்கபடி, தண்ணீர் வரும் குழாயின் கேட் வால்வைத் திறந்து, உள்மட்டம் தரையிலிருந்து 20 அடிக்குக் கீழேயே நிற்கும்படி வையுங்கள். அதே அளவு தண்ணீர் விட்டும் மட்டம் நாளுக்கு நாள் ஏறினால், வெடிப்பு அடைபடுகிறது என்று அர்த்தம். உடனே நிறுத்திவிட வேண்டும்.

வெடிப்பை அடைப்பதில் சேற்றுக்குச் சமமானது காற்று. பலரும் இதைக் கவனிப்பதில்லை. மேலிருந்து கொட்டும் தண்ணீர் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும், அந்தக் குமிழிகள் வெடிப்பில் சிக்கிக்கொள்ளும். எனவே ஒரு குழாயை நீர்மட்டத்துக்குக் கீழே வரை இறக்கி, அதன் அடிவாயைச் சிறிதாக்குங்கள். குழாய் நிரம்பியே ஓடும். மூடியில் காற்று வெளியேற ஒரு சின்னக் குழாயும் வேண்டும்.

கூரைத் தண்ணீரை விடுவதானாலும் கணக்குப் பாருங்கள். 1,000 சதுர அடி கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் வரும். போர் அந்த வேகத்தில் குடிக்காது. நடுவே தொட்டியும் மணல், ஜல்லி வடிகட்டியும் அவசியம். முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள். சாயத் தண்ணீர் கலந்த ஓடை, கோழிப்பண்ணைக் கழிவு கலக்கும் குட்டை இவற்றின் தண்ணீரைப் போர் பக்கமே கொண்டுவராதீர்கள். பாறைக்குள் போன அழுக்கை எடுப்பது பெரும்பாடு.

அந்தத் தோட்டத்தில் மோட்டாரைக் கழற்றி, கம்ப்ரசர் வைத்துச் சேற்றை வெளியேற்றினோம். இப்போது கூரைத் தண்ணீர் மட்டும், கால்வாசி திறந்த வால்வு வழியாக இறங்குகிறது. பெரியவர் தினமும் காலையில் நீர்மட்டத்தை மோட்டார் ரூம் சுவரில் சாக்பீஸால் எழுதி வைக்கிறார்.