அக்கானிக் (பதநீர்க்) கலயத்தில் சுண்ணாம்புக்கு என்ன வேலை?

கன்னியாகுமரி மாவட்டத்தின் திங்கள்சந்தைப் பக்கத்திலிருந்து பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார்: "தாத்தா பனை ஏறும்போது கலயத்துக்குள் சுண்ணாம்பு தேய்ப்பார். கிருமி வராது என்பார். கிருமி, பாக்டீரியா, நுண்ணுயிரி எல்லாம் ஒன்றுதானா?"

ஒன்றல்ல. நுண்ணுயிரி என்பது ஒரு குலத்தின் பெயரே இல்லை. உருவத்தின் சிறுமையைப் பார்த்து இட்ட பெயர். பாக்டீரியா, ஆர்க்கியா, ஈஸ்ட், அமீபா, ஒருசெல் பாசி என நுண்ணோக்கி இல்லாமல் பார்க்க முடியாதவை பெரும்பாலும் இதில் அடங்கும். இவற்றில் ஈஸ்ட், பாக்டீரியாவைவிட நமக்குத்தான் நெருங்கிய சொந்தம். வைரஸுக்குச் செல் கிடையாது என்பதால் அதைச் சேர்ப்போரும் உண்டு, விலக்குவோரும் உண்டு. 'மைக்ரோப்' என்ற சொல்லை 1878இல் பிரெஞ்சு மருத்துவர் செடியோ உருவாக்கினார். நம் 'கிருமி'க்குப் பழைய பொருள் புழு. இன்று நோய் தருவதைக் குறிக்கிறது. சோப்பு விளம்பரங்கள் அத்தனை நுண்ணுயிரிகளையும் கிருமியாக்கிவிட்டது எனக்கு வருத்தம். தோசை மாவைப் பொங்கவைப்பவையும் நுண்ணுயிரிகள்தாமே.

இனி கலயத்துக்கு வருவோம். பனையின் பாளையை, அதாவது பூங்கொத்தைச் சீவினால் சொட்டுகிற நீரில் நூறு மில்லிக்குச் சுமார் 10 முதல் 12 கிராம் சர்க்கரை இருக்கும், பெரும்பாலும் சுக்ரோஸ். காற்றிலும் வண்டிலும் பாளை அரிவாளிலும் ஒட்டிவரும் ஈஸ்ட்டுக்கு இது விருந்து. அது இன்வர்ட்டேஸ் என்ற நொதியைச் செல்லுக்கு வெளியே விட்டு, சுக்ரோஸை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாகப் பிளக்கும். பிறகு அவற்றை உள்ளே இழுத்துச் சாராயமாக மாற்றும். சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் சில மணி நேரத்தில் கள் ஆகிவிடும்.

சுண்ணாம்பு எங்கே கைவைக்கிறது தெரியுமா? எனக்கு இதைப் படித்த நாளில் தூக்கமே வரவில்லை. ஈஸ்ட் தன் செல்படலத்தில் உள்ள பம்பு ஒன்றால் புரோட்டான்களை (ஹைட்ரஜன் அயனிகளை) ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். வெளியே நெருக்கம் கூடியதும் அவை திரும்ப உள்ளே பாயத் துடிக்கும். பாயும்போது பாஸ்பேட்டையும் அமினோ அமிலங்களையும் கூடவே இழுத்துவரும். அணையில் நீரைத் தேக்கி மடை திறப்பதுபோல. சுண்ணாம்பு நீரிலோ ஹைட்ராக்சைடு அயனிகள் நிறைந்திருக்கின்றன. வெளியே வந்த புரோட்டானை உடனே பிடித்துத் தண்ணீராக்கிவிடுகின்றன. பம்பு எவ்வளவு இறைத்தாலும் அணை நிரம்புவதில்லை, மடையில் ஓட்டமும் இல்லை. ஈஸ்ட் பட்டினியில் முடங்குகிறது. அமிலத்தன்மையை விரும்பும் இன்வர்ட்டேஸும் வேலை செய்ய முடியாமல் நிற்கிறது.

சுக்ரோஸ் பிளவுபடாமல் இருப்பதில்தான் கருப்பட்டியின் கதையே இருக்கிறது. புளித்த அக்கானியை எத்தனை நேரம் காய்ச்சினாலும் சிரட்டையில் ஊற்றியபின் இறுகாமல் பிசுபிசுவென்றே கிடக்கும். பிளவுபட்ட சர்க்கரை, சுக்ரோஸைப் படிகமாக விடாது. அடுப்படியில் நிற்கும் பெண்கள் பாகு கெட்டியாகிவரும் கூப்பனிப் பதத்திலேயே இதைக் கண்டு சொல்லிவிடுவார்கள்.

நம் பனங்காட்டுக் கலயங்களில் வாழும் ஈஸ்ட் வகைகளைச் சேகரித்துக் காக்க இந்த மாவட்டத்துக் கல்லூரிகளுக்கு ஆராய்ச்சிப் பணம் தரவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பனையேறிகள் அருகிவருகிறார்கள், இன்னும் தாமதித்தால் சேகரிக்கக் கலயமே இருக்காது.

ஆகவே மகளே, தாத்தா சொன்னது பாதிக்கு மேல் சரி. சுண்ணாம்பு எல்லாவற்றையும் கொன்றுவிடுவதில்லை, பலவற்றை முடக்கி வைக்கிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரையக் கரைய, சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட்டாகி அடியில் படிந்து காரத்தன்மை இறங்கும். முடங்கிக் கிடந்தவை எழுந்துகொள்ளும். காலையில் பனையோலைப் பட்டையில் குடித்த அதே அக்கானி, நேரம் போகப்போக நாக்கில் சுள்ளென்று உறைப்பது அதனால்தான்.