ஜெல்லுக்குப் போன நிறையைப் பெருக்கி நிரப்பாதீர்கள்

துகள்கள் மோதி ஒட்டிக் கொத்துகளாகி ஜெல்லாக உறைவதைக் கணினியில் கணிக்கும் இன்னோர் ஆய்வேடு மதிப்பீட்டுக்கு வந்திருக்கிறது. அதே படம்: மொத்த நிறை 1 என்ற கோட்டிலிருந்து கடைசிவரை இம்மியும் அசையவில்லை. நிரலைத் திறந்தால், ஒவ்வொரு நேரப்படியிலும் கொத்துகளின் எண்ணிக்கையை ஏதோ ஒரு காரணியால் பெருக்கி, குறைந்த நிறையை ஈடுகட்டும் வரி. அருகே ‘கணிப்புப் பிழைத் திருத்தம்’ என்ற குறிப்பு வேறு.

எந்தப் பிழை ஐயா? ஒவ்வோர் அளவிலும் எத்தனை கொத்துகள் என்று கணக்கிடும் ஸ்மோலுகோவ்ஸ்கி சமன்பாட்டில், மோதல் வீதத்தை இரு கொத்துகளின் அளவுகளின் பெருக்கலாக வைத்து ஒற்றைத் துகள்களிலிருந்து தொடங்கினால், வழக்கமான அலகில் நேரம் 1இல் எடைச் சராசரி அளவு (பெரிய கொத்துக்கு அதன் நிறைக்கேற்பக் கூடுதல் மதிப்புத் தரும் சராசரி) முடிவிலியாகிறது. அதன் பிறகு குறையும் நிறை ஜெல்லுக்குள், அதாவது எல்லையற்றுப் பெருத்துவிட்ட கொத்துக்குள், இருக்கிறது. சமன்பாடு எண்ணுவது முடிவுள்ள கொத்துகளை, அதாவது ‘சால்’ (sol) எனப்படும் உறையாத பகுதியை மட்டுமே. சால், ஜெல் இரண்டின் நிறையையும் கூட்டிப் பாருங்கள், 1 வரும். பொருண்மை அழியா விதிக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள்தான் உறைந்த ஜெல்லைக் கரைத்துத் திரும்பவும் சாலில் ஊற்றுகிறீர்கள். அதற்கு இயற்பியலில் இடமில்லை.

அடுத்த புலம்பல், ‘மான்டி கார்லோவும் சமன்பாடும் பொருந்தவில்லை’ என்பது. (மான்டி கார்லோ என்பது மோதும் கொத்துகளைச் சமவாய்ப்பு எண்களால் தேர்ந்து ஓட்டும் கணிப்பு.) ஜெல் சாலோடு தொடர்ந்து வினைபுரிவதாகக் கொள்வது ஃப்ளோரி மாதிரி. புரியாது என்பது ஸ்டாக்மேயர் மாதிரி. நேரம் 2இல் முன்னதில் சுமார் 20 சதவீதம் சாலாக எஞ்சும், பின்னதில் 50. மிகப்பெரிய கொத்தையும் மோதவிடும் மான்டி கார்லோ தருவது முன்னது. நிரல் கணக்கில் வைக்கும் கொத்தளவின் மேல்வரம்பைத் தாண்டிய கொத்தை வெளியேற்றிவிடும் சமன்பாட்டு நிரல் தருவது பின்னது. எப்படிப் பொருந்தும்?

உண்மையான பிழைகளும் உண்டு. முதலில் கொத்தின் அளவைப் பொறுத்து மாறாத மோதல் வீதத்தை வைத்து ஓட்டுங்கள். அதில் ஜெல்லே உருவாகாது. நேரம் 2இல் கொத்துகளின் எண்ணிக்கை சரிபாதியாகும். அங்கேயும் நிறை கசிந்தால் நிரலில்தான் ஓட்டை. பிறகு பெருக்கல் வீதத்துக்கு வந்து மேல்வரம்பை இரட்டிப்பாக்குங்கள். நிறை குறையத் தொடங்கும் நேரம் கண்ணுக்குத் தெரிய நகர்ந்தால், அந்த எண்ணை ஆய்வேட்டில் எழுதாதீர்கள்.

 

நெறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘நிறை ஏன் 1 இல்லை?’ என்று மாணவரை விரட்டாதீர்கள்; அந்தப் பெருக்கல் வரி பிறப்பதே அங்கேதான். ஜெல் பின்னத்தை, அதாவது ஜெல்லுக்குப் போன நிறையின் பங்கை, தனிக் கோடாக வரைந்துவரச் சொல்லுங்கள்.