வெள்ளவத்தை யன்னல் கம்பியில் உப்பு என்ன செய்கிறது?

கொழும்பில் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கடலைப் பார்த்த மாடிவீடுகளில் இருப்பவர்கள் அடிக்கடி சொல்வது: "உப்புக் காத்து இரும்பைத் தின்னுது." யன்னல் கம்பி, பல்கனிக் கிறில், ஏசியைத் தாங்கும் கோண இரும்பு என எல்லாம் அங்கே வேகமாகக் கறள் பிடிப்பது உண்மைதான். ஆனால் இரும்போடு சேர்ந்து கறளாக மாறுபவை ஒட்சிசனும் தண்ணீரும். உப்பு பெரும்பாலும் செலவாவதே இல்லை. செலவாகாததால்தான் அதே உப்பு வருடக்கணக்காக வேலை செய்கிறது.

இதைப் புரிந்துகொள்ள மூன்று வகைப் பிணைப்பைத் தெரிந்திருந்தால் போதும். மூன்றும் அந்தக் கம்பி ஒன்றிலேயே இருக்கின்றன. இரும்பில் அணுக்களின் வெளி இலத்திரன்கள் எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமாக இராமல் முழு உலோகத்துக்கும் பொதுவாக ஓடித் திரிகின்றன. இது உலோகப் பிணைப்பு. உப்பில் சோடியம் ஓர் இலத்திரனைக் குளோரினுக்குக் கொடுத்துவிட்டது. இப்படி ஏற்றம் பெற்ற அணுக்கள்தான் அயன்கள்; நேரயனும் மறையயனும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து நிற்கின்றன. தண்ணீரில் ஒட்சிசனும் ஐதரசனும் இலத்திரன்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பங்கு மட்டும் சமமில்லை: ஒட்சிசன் தன் பக்கம் கூடுதலாக இழுக்கிறது. அதனால் தண்ணீர் மூலக்கூறின் ஒரு பக்கம் சற்று மறையாகவும் மறுபக்கம் சற்று நேராகவும் இருக்கிறது. இந்தச் சின்னச் சமமின்மையால்தான் தண்ணீர் உப்பின் அயன்களைச் சூழ்ந்து பளிங்கிலிருந்து பிரித்தெடுக்கிறது. பளிங்கில் அசையாமல் இருந்த அயன்கள் இப்போது நீந்தலாம், ஏற்றத்தைக் கொண்டுசெல்லலாம்.

மழையில்லாத நாளில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? காற்றிலிருந்துதான். உப்பு, அதாவது சோடியம் குளோரைட்டு, சாரீரப்பதன் (காற்று தாங்கக்கூடிய நீராவியில் இப்போது இருக்கும் பங்கு) 75 சதவீதத்தை எட்டும்போது காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தானே கரைகிறது. கொழும்பு இரவுகளில் ஈரப்பதன் பெரும்பாலும் அதற்கு மேலே. கடலுப்பில் இருக்கும் மகனீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமளவே போதும். ஆகவே உப்புப் படிந்த கம்பியில் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் ஒன்று கிட்டத்தட்ட எப்போதும் இருக்கிறது.

அந்தப் படலத்துக்குள் நடப்பதை 1920களில் கேம்பிரிட்ஜில் உலோக அரிப்பை ஆராய்ந்த யூலிக் எவன்ஸ் அழகாகக் காட்டினார். மினுக்கிய இரும்புத் தகட்டில் ஒரு துளி உப்புத் தண்ணீர். அதில் இரண்டு நிறங்காட்டிகள். கொஞ்ச நேரத்தில் துளியின் நடுப்பகுதி நீலமாகும், விளிம்பு இளஞ்சிவப்பாகும். நீலம் என்றால் அங்கே இரும்பு இரண்டு இலத்திரன்களை இழந்து அயனாகக் கரைகிறது. இளஞ்சிவப்பு என்றால் அங்கே ஒட்சிசனும் தண்ணீரும் அந்த இலத்திரன்களை வாங்கி ஐதரொட்சைட்டு அயனாகின்றன. ஒட்சிசன் சுலபமாகக் கரைவது விளிம்பில், இரும்பு அரிபடுவதோ ஒட்சிசன் குறைந்த நடுவில்! முதன்முறை கேட்பவர்களுக்கு இது தலைகீழாகவே படும். இரண்டு இடங்களுக்கும் இடையே இலத்திரன்கள் உலோகத்தின் வழியாக ஓடுகின்றன. சுற்றை மூட அயன்கள் தண்ணீரின் வழியாக நகர வேண்டும். சுத்தமான தண்ணீரில் அயன்கள் மிகக் குறைவு, அதனால் தாக்கம் மெதுவாக நடக்கும். உப்பு வந்ததும் சுற்று சுலபமாக மூடிக்கொள்கிறது. போதாததற்கு, இரும்பின்மேல் இருக்கும் மெல்லிய காப்புப் படலத்தையும் குளோரைட்டு அயன்கள் ஆங்காங்கே உடைத்துவிடுகின்றன.

கரைந்த இரும்பு ஐதரொட்சைட்டைச் சந்தித்து, இன்னும் ஒட்சியேறி, நீரேறிய இரும்பு ஒட்சைட்டாகிறது. அதுதான் கறள். அலுமினியத்தின் ஒட்சைட்டு சில நனோமீற்றர் தடிப்பில் இறுக்கமாக ஒட்டி உலோகத்தைக் காக்கும். கறளோ நுண்துளை நிறைந்தது, உரியக்கூடியது, உப்பையும் ஈரத்தையும் தனக்குள் பிடித்து வைப்பது. கறளுக்கு மேலேயே பெயின்ற் அடித்தால் சில மாதங்களில் அது கொப்புளித்துக் கிளம்புவது இதனால்தான்.

கடலோரத்தில் மழையில் நனையும் பக்கத்தைவிட, மழை படாத அடிப்பக்கம் பல நேரங்களில் மோசமாக அரிபட்டிருக்கும். மழை உப்பைக் கழுவிவிடுகிறது; அடிப்பக்கத்தில் அது சேர்ந்துகொண்டே போகிறது. அதனால் வெறும் குழாய்த் தண்ணீரால் கம்பிகளை, முக்கியமாக அடிப்பக்கத்தை, இடைக்கிடை கழுவுவது நல்ல வேலை. பெயின்ற் அடிப்பதென்றால் முதலில் கறளைச் சுரண்டி, கழுவி, நன்றாக உலர விட வேண்டும்.

அப்புறம் நாகம் (சிங்க் உலோகம்) பூசிய கம்பி. நாகம் இரும்பைவிடச் சுலபமாக இலத்திரனை விட்டுக்கொடுக்கும். பூச்சில் கீறல் விழுந்தாலும் நாகம் கரைந்து இரும்பைக் காக்கும். கடலோரத்தில் குளோரைட்டு அந்த நாகத்தையும் வேகமாகவே கரைக்கிறது. ஆகவே வெள்ளவத்தையில் வாங்கும்போது பூச்சு தடிப்பானதா என்று கேட்டு வாங்குங்கள். அதற்கு மேல் பெயின்றும் அடியுங்கள்.