கொடுத்த டோக்கனை எப்படித் திரும்பப் பெறுவீர்கள்?

ஒரு ஏபிஐயின் (செயலியும் சர்வரும் பேசிக்கொள்ளும் வழியின்) பாதுகாப்பைச் சோதித்துத் தரச் சொல்லி என்னிடம் வந்தால், பெரிய கருவிகளைத் திறப்பதற்கு முன் ஒரு சின்ன வேலை செய்வேன். செயலியில் லாகின் செய்து, சர்வர் அடையாளச் சீட்டுபோலக் கொடுத்த டோக்கனை நகலெடுத்து வைத்துக்கொள்வேன். அப்புறம் லாக் அவுட் செய்துவிட்டு, அதே டோக்கனை போஸ்ட்மேன் என்ற சோதனைக் கருவியில் வைத்து ஒரு கோரிக்கை அனுப்புவேன். பெரும்பாலும் 200, அதாவது 'சரி' என்று பதில் வந்துவிடும். கூடவே அந்தப் பயனரின் விவரங்களும் வரும். ஏன் என்று கேட்டால், "லாக் அவுட் ஆனதும் போனில் இருக்கிற டோக்கனை அழித்துவிடுகிறோமே சார்" என்பார்கள். அழிந்தது போனில் இருந்த நகல் மட்டும்தான். சர்வரைப் பொறுத்தவரை அந்த டோக்கன் இன்னும் செல்லும்.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டும் இதையே செய்து பார்ப்பேன். பல இடங்களில் அப்போதும் 200 தான். தன் கணக்கில் யாரோ நுழைந்துவிட்டார்கள் என்று சந்தேகப்படும் ஒருவர் முதலில் செய்வது பாஸ்வேர்டை மாற்றுவது. மாற்றியதும் நிம்மதியாகிவிடுவார். திருடியவரோ பழைய டோக்கனை வைத்துக்கொண்டு அது காலாவதி ஆகும்வரை உள்ளே இருப்பார். ஆயுளை 30 நாள், ஒரு வருடம் என்று வைத்திருக்கும் அமைப்புகளில் இது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஏபிஐக்களில் புழங்கும் டோக்கன்கள் ஏறக்குறைய எல்லாமே 'பேரர்' வகை. 2012-இல் வந்த ஆர்எஃப்சி 6750 (ஆர்எஃப்சி என்பது இணையத் தரநிலை ஆவண வரிசை) அதற்குத் தரும் விளக்கம் எளிது: யார் கையில் டோக்கன் இருக்கிறதோ அவர் அதைப் பயன்படுத்தலாம், வேறு நிரூபணம் வேண்டாம். ரயில் நிலைய சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கனை நீட்டுகிறவரிடம் வண்டியை விட்டுவிடுவதைப் போலத்தான். அதனால் எந்த டோக்கன் முறையை அமைத்தாலும், 'இது திருடு போகும் நாளில் நான் என்ன செய்வேன்' என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள். லாகின் பக்கத்திலிருந்து தொடங்கினால் இந்தக் கேள்வி கடைசிவரை வராமலே போய்விடுகிறது.

இப்போது டோக்கன் என்றாலே பலருக்கும் ஜேடபிள்யூடி (ஜேசன் வெப் டோக்கன்) தான் நினைவுக்கு வருகிறது. 2015-இல் ஆர்எஃப்சி 7519 ஆக வந்த இந்த வடிவத்தில் ஹெடர், உள்ளடக்கம், கையொப்பம் என்று மூன்று பகுதிகள், நடுவில் புள்ளிகள். உள்ளடக்கம் பார்ப்பதற்குப் புரியாத எழுத்துக் குவியலாக இருப்பதால் அது பூட்டப்பட்டிருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். வழக்கமாகப் பயன்படும் கையொப்பமிட்ட ஜேடபிள்யூடியில் எந்தப் பூட்டும் கிடையாது. பேஸ்64 வகையில் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் ஒரு நொடியில் பிரித்துப் படிக்கலாம். கைபேசி எண், பிறந்த தேதி எல்லாம் உள்ளே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு மருத்துவச் செயலியில் நோயாளியின் சிகிச்சைப் பிரிவே இருந்தது. கையொப்பம் யாரும் திருத்தவில்லை என்பதற்குத்தான் உத்தரவாதம். படிப்பதை அது தடுக்காது.

அந்த உத்தரவாதமும் சர்வர் சரியாகச் சரிபார்த்தால்தான் உண்டு. பல லைப்ரரிகளில் (தயாராகக் கிடைக்கும் நிரல் தொகுப்புகளில்) பிரித்துப் படிக்க ஒரு ஃபங்ஷன், சரிபார்க்க வேறொரு ஃபங்ஷன் இருக்கும். முதலாவதை மட்டும் அழைத்துவிட்டு வேலை முடிந்தது என்று விட்டுவிட்டால், பயனர் எண்ணை மாற்றி எழுதி அனுப்புகிறவர் எல்லாரும் உள்ளே வந்துவிடுவார்கள். கையொப்பமிட்ட அல்காரிதம் (கணக்கிடும் முறை) எது என்பதை டோக்கனின் ஹெடரே சொல்லும் என்பதும் ஒரு வலை. அங்கே 'நன்' (none, எதுவும் இல்லை) என்று எழுதி, கையொப்பமே இல்லாமல் அனுப்பினாலும் சில லைப்ரரிகள் ஏற்றுக்கொண்டன. ஆர்எஸ்256 (பொதுச் சாவி, தனிச் சாவி என இரண்டு உள்ள முறை) என்றிருப்பதை எச்எஸ்256 (ஒரே ரகசியச் சாவி உள்ள முறை) என்று மாற்றி, எல்லாருக்கும் தெரிந்த பொதுச் சாவியையே ரகசியச் சாவியாக வைத்துக் கையொப்பமிட்டு ஏமாற்றவும் முடிந்தது. இவை 2015-லேயே வெளிச்சத்துக்கு வந்தவை. 2020-இல் வந்த ஆர்எஃப்சி 8725 இதற்கெல்லாம் தீர்வு சொல்கிறது: எந்த அல்காரிதத்தை ஏற்பது என்பதைச் சர்வர் பக்கம் நீங்களே முடிவு செய்து எழுதிவிடுங்கள், டோக்கன் சொல்வதை நம்பாதீர்கள்.

எச்எஸ்256 பயன்படுத்தினால் சாவி குறைந்தது 256 பிட் இருக்க வேண்டும் என்பது தரநிலையின் விதி. நடைமுறையில் நான் பார்ப்பதோ நிறுவனத்தின் பெயரும் 123-ம். அல்லது ஏதோ பயிற்சிப் பக்கத்திலிருந்து அப்படியே எடுத்த சொல். ஒரே ஒரு டோக்கன் கையில் கிடைத்தால் போதும், தாக்குபவர் உங்கள் சர்வரைத் தொடாமலே தன் கணினியில் உட்கார்ந்து லட்சக்கணக்கான சொற்களை முயன்று பார்க்கலாம். உங்கள் சர்வரின் லாகில் (செயல் பதிவேட்டில்) ஒரு வரிகூடப் பதிவாகாது. சாவி கிடைத்துவிட்டால் எந்தப் பயனரின் பெயரிலும் அவரே டோக்கன் தயாரிப்பார். சாவியை 32 பைட் ரேண்டமாக உருவாக்குங்கள், நிரலைச் சேமிக்கும் கிட் களஞ்சியத்துக்கு வெளியே வையுங்கள், மாற்றுவதற்கு ஒரு வழியை முதல் நாளே வைத்துக்கொள்ளுங்கள்.

கையொப்பம் சரி என்றால் போதுமா? 2023-இல் மைக்ரோசாஃப்டுக்கு நேர்ந்தது இதற்குப் பதில். ஸ்டார்ம்-0558 என்று பெயரிடப்பட்ட தாக்குதல் குழுவின் கையில், தனிநபர் கணக்குகளுக்காக 2016-இல் உருவாக்கப்பட்ட கையொப்பச் சாவி ஒன்று இருந்தது. அதை வைத்துத் தயாரித்த டோக்கன்களை நிறுவனங்களுக்கான மின்னஞ்சல் அமைப்பும் ஏற்றுக்கொண்டது. அமெரிக்க வெளியுறவுத் துறை உட்பட சுமார் 25 அமைப்புகளின் அஞ்சல்கள் திறக்கப்பட்டன. சாவி வெளியே போனது ஒரு கோளாறு. அந்தச் சாவி இந்த இடத்துக்கு உரியதுதானா என்று சரிபார்க்காதது இன்னொன்று. முழுச் சோதனையையும் லைப்ரரி செய்துவிடும் என்று மின்னஞ்சல் அமைப்பை எழுதியவர்கள் நினைத்திருந்ததாக மைக்ரோசாஃப்டே பின்னர் விளக்கியது. யார் கொடுத்தது, யாருக்காகக் கொடுத்தது, எதுவரை செல்லும் என்ற மூன்றையும் ஒவ்வொரு கோரிக்கையிலும் உங்கள் சர்வர் பார்க்கிறதா என்று இன்றே பாருங்கள்.

சரி, திரும்பப் பெறும் விஷயத்துக்கு வருவோம். ஜேடபிள்யூடியின் கவர்ச்சியே டேட்டாபேஸைப் பார்க்காமல் சரிபார்த்துவிடலாம் என்பதுதான். அதே காரணத்தால்தான் நடுவில் அதைச் செல்லாததாக்க முடியாமல் போகிறது. ரத்தான டோக்கன்களின் பட்டியல் ஒன்றை வைத்து ஒவ்வொரு முறையும் தேடினால், தவிர்க்க நினைத்த தேடல் வேறு வழியில் வந்துவிடுகிறது. அதனால் நான் முதலில் கேட்பது: உங்களுக்கு ஜேடபிள்யூடி தேவையா? ஒரே சர்வர், ஒரே டேட்டாபேஸ், சில ஆயிரம் பயனர்கள் என்றால், 32 பைட் ரேண்டம் டோக்கன் ஒன்றைக் கொடுத்து அதன் ஹாஷை (மூலத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாத சுருக்க வடிவத்தை) மட்டும் ஒரு டேபிளில் வைத்தால் போதும். இண்டெக்ஸ் போட்ட டேபிளில் தேட மிகக் குறைந்த நேரமே ஆகும். லாக் அவுட் என்றால் அந்த வரியை அழிப்பது. பாஸ்வேர்டு மாறினால் அந்தப் பயனரின் எல்லா வரிகளையும் அழிப்பது. நான் சோதிக்கும் அமைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து.

பல சேவைகள் தனித்தனியாக ஓடுகின்றன, ஜேடபிள்யூடி வேண்டும்தான் என்றால், ஒவ்வொரு கோரிக்கையோடும் போகும் ஆக்சஸ் டோக்கனின் ஆயுளை 5 முதல் 15 நிமிடத்துக்குள் வையுங்கள். நீண்ட ஆயுள், புதிய ஆக்சஸ் டோக்கன் வாங்க உதவும் ரெஃப்ரெஷ் டோக்கனுக்கு மட்டும். அது டேட்டாபேஸில் ஹாஷாக இருக்கட்டும். ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் புதியது கொடுத்துப் பழையதை ரத்து செய்யுங்கள். ஏற்கெனவே ரத்தானது திரும்ப வந்தால், இரண்டு பேர் கையில் அது இருக்கிறது என்று அர்த்தம். அந்த லாகினில் பிறந்த எல்லா டோக்கன்களையும் உடனே நிறுத்திவிட வேண்டும். இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. நெட்வொர்க் தடுமாறும்போது செயலி ஒரே ரெஃப்ரெஷ் கோரிக்கையை இரண்டு தடவை அனுப்பிவிடும், நேர்மையான பயனர் வெளியே தள்ளப்படுவார். பழையதற்குச் சில வினாடி அவகாசம் கொடுப்பது, செயலிக்குள் ஒரு நேரத்தில் ஒரு ரெஃப்ரெஷ்தான் நடக்கும்படி எழுதுவது இரண்டும் உதவும். புகார் வருகிறது என்பதற்காக இந்தச் சோதனையையே எடுத்துவிட்ட இடங்கள் உண்டு, அது மட்டும் வேண்டாம்.

2018 செப்டம்பரில் ஃபேஸ்புக்கில் தன் பக்கம் பிறருக்கு எப்படித் தெரியும் என்று காட்டும் 'வியூ ஆஸ்' வசதியில் இருந்த கோளாறு வழியாக ஆக்சஸ் டோக்கன்கள் திருடப்பட்டன. அந்த நிறுவனம் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கருதிய 5 கோடிக் கணக்குகளின் டோக்கன்களையும், முன்னெச்சரிக்கையாக இன்னும் 4 கோடிக் கணக்குகளின் டோக்கன்களையும் ரத்து செய்தது. உண்மையில் திருடு போனது சுமார் 3 கோடி என்று பின்னர் தெரிந்தது. ஓட்டை வருத்தத்துக்குரியதுதான், ஆனால் ஒரே நேரத்தில் 9 கோடிக் கணக்குகளை லாக் அவுட் செய்யும் வழி அவர்களிடம் இருந்தது. உங்களிடம் இருக்கிறதா?

பிரவுசரில் டோக்கனை லோக்கல் ஸ்டோரேஜில் வைத்தால், பக்கத்தில் நுழையும் எந்த ஸ்கிரிப்டும் அதை எடுத்துக்கொண்டு போகலாம். எச்டிடிபி-ஒன்லி (ஸ்கிரிப்டால் படிக்க முடியாது), செக்யூர் (எச்டிடிபிஎஸ் வழியாக மட்டுமே போகும்), சேம்சைட் (வேறு தளத்திலிருந்து எழும் கோரிக்கையோடு போவதைக் கட்டுப்படுத்தும்) மூன்றும் போட்ட குக்கியில் வைப்பதே மேல். சிஎஸ்ஆர்எஃப் (வேறொரு தளம் பயனரின் பெயரில் கோரிக்கை அனுப்பவைக்கும் தாக்குதல்) பாதுகாப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் கீஸ்டோர், ஐபோனில் கீசெயின் என்ற பாதுகாப்பான சேமிப்பைப் பயன்படுத்துங்கள். யூஆர்எல்லில் டோக்கன் எந்தக் காரணத்துக்கும் கூடாது. டோக்கன் போகும் ஆத்தரைசேஷன் ஹெடரை முழுதாக லாகில் எழுதுகிறீர்களா என்றும் தேடிப் பாருங்கள். 2023-இல் லாகின் சேவை தரும் ஓக்டா நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவி அமைப்புக்குள் புகுந்தவர்கள், பிழை கண்டுபிடிக்க வாடிக்கையாளர்கள் பதிவேற்றிய கோப்புகளில் இருந்த செஷன் டோக்கன்களைத்தான் எடுத்தார்கள்.

டோக்கன் எவ்வளவு சரியாக இருந்தாலும், வந்தவர் யார் என்பதை மட்டுமே அது சொல்லும். இந்தப் பதிவைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டா என்பது தனிக் கேள்வி. மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு 2019-லும் 2023-லும் வெளியிட்ட ஏபிஐ ஆபத்துப் பட்டியல்கள் இரண்டிலும் முதலிடம் இந்த உரிமையைச் சரிபார்க்காத குறைபாட்டுக்குத்தான். முகவரியில் முன்பதிவு எண் 1042 என்பதை 1043 ஆக்கினால் அடுத்தவரின் பதிவு திறந்துகொள்கிறது. டோக்கன் சரியானது என்பதால் சர்வருக்குச் சந்தேகமே வருவதில்லை. சோதனைக்கென்று இரண்டு கணக்குகள் உருவாக்குங்கள். ஒருவரின் டோக்கனை வைத்து மற்றவரின் பதிவுகளைப் படிக்க, திருத்த, அழிக்க முயலும் டெஸ்டுகளை எழுதி, ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் ஓட விடுங்கள். எல்லாவற்றுக்கும் 403 (அனுமதி இல்லை) அல்லது 404 (கிடைக்கவில்லை) வர வேண்டும். லாக் அவுட்டுக்குப் பிறகு பழைய டோக்கனுக்கு 401 (அடையாளம் செல்லாது) வருகிறதா என்ற டெஸ்டையும் அதோடு சேர்த்துவிடுங்கள். எழுதப் பத்து வரிக்கு மேல் ஆகாது.