டீசல் பம்ப்பில் கைவைக்கும் முன்

மணலி, மாதவரம் பக்கம் பாலம் ஏறும் பழைய லாரி கரும்புகையைக் கக்கினால், "பம்ப்பை நல்லா ஏத்தி வச்சிருக்காங்க, அதான் இந்த இழுவை" என்று மெச்சுகிறவர்கள் உண்டு. இழுவை கொஞ்சம் கூடியிருக்கலாம். ஆனால் அந்தப் புகை, காசு கொடுத்து ஊற்றிய டீசல் அரைகுறையாக எரிந்து வெளியே போவதுதான். டீசலை அளந்து என்ஜினுக்குள் தள்ளும் இந்த பம்ப் என்ன செய்கிறது என்று தெரிந்தால், மைலேஜ் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே வந்த காற்றை பிஸ்டன் பதினாறில், பதினேழில் ஒரு பங்காக நசுக்கும்போது சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதில் டீசலைத் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். எவ்வளவு தெளிப்பது, எப்போது தெளிப்பது, இரண்டும் பம்ப்பின் பொறுப்பு.

ஒரு தடவைக்குப் போவது, முழு பாரத்திலும்கூட, ஏறக்குறைய ஒன்றிரண்டு சொட்டுதான். ஆறு சிலிண்டர் லாரி 2000 ஆர்.பி.எம்.மில் ஓடினால் நிமிடத்துக்கு 6000 தடவை இது நடக்கிறது. ராபர்ட் பாஷ் நிறுவனம் 1927-ல் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய பம்ப்பின் அடிப்படைதான் நம் பழைய லாரிகளின் இன்லைன் பம்ப்பிலும் இருக்கிறது. சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர், அதாவது டீசலைத் தள்ளும் சிறு தண்டு, எல்லாம் ஒரே வரிசையில். அது ஏறி இறங்கும் தூரம் மாறாது. ஆனால் பிளஞ்சரின் உடம்பில் சாய்வாக ஒரு வெட்டு இருக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் ராக் என்ற பல் வைத்த நீளத் தண்டு நகர்ந்து பிளஞ்சரைச் சற்றே சுழற்றும். அந்தச் சாய்வு வெட்டு, பிளஞ்சர் ஓடும் உறையான பேரலின் பக்கத்துத் துளையைச் சந்தித்ததும் அழுத்தம் விட்டுப்போகும். அதுவரை தள்ளியது மட்டும்தான், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலுக்கு. நூறு வருஷமானாலும் இந்த வெட்டின் அழகு எனக்கு அலுக்கவில்லை.

ராக் எதுவரை போகலாம் என்று தடுப்பது ஃபுல் லோடு ஸ்க்ரூ. "பம்ப்பை ஏத்துறது" என்றால் பெரும்பாலும் இதைத் திருப்புவதுதான். கணக்குப்படி ஒரு கிலோ டீசல் எரிய சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். ஆனால் கண்மூடித் திறப்பதற்குள் ஒவ்வொரு துளியையும் காற்று தேடிப் போய்ச் சேராது, அதனால் இதைவிடத் தாராளமாகவே இருக்க வேண்டும். ஸ்க்ரூவைத் திருப்பினால் டீசல் கூடும், காற்று கூடாது. புகையோடு சைலன்சர் பக்கச் சூடும் ஏறும், பிஸ்டன் தலையும் வால்வும் அடிவாங்கும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத வண்டியில் இன்னொன்றும் உண்டு. கடல் மட்டத்துச் சென்னையில் விளிம்புவரை ஏற்றிய பம்ப், சுமார் 900 மீட்டர் உயரத்துப் பெங்களூருக்குப் போனால் இன்னும் புகைக்கும், அங்கே காற்று அடர்த்தி குறைவு.

மைலேஜ் டைமிங்கில்தான், அதாவது டீசல் தெளிக்கும் நேரத்தில்தான் இருக்கிறது. பிஸ்டன் உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் அழுத்தம் உச்சத்துக்கு வர வேண்டும். டைமிங் பின்தங்கினால் சூடு பிஸ்டனைத் தள்ளாமல் வெளியே போகும், வண்டி மந்தமாகும். அதிகம் முந்தினால் ஏறி வரும் பிஸ்டனையே எதிர்த்து அடிக்கும், 'டக டக' சத்தம் கூடும்.

இதைப் பழைய மெக்கானிக்குகள் பார்க்கும் முறை நேர்த்தியானது. முதல் பிளஞ்சரிலிருந்து நாசிலுக்கு டீசலை விடும் டெலிவரி வால்வைக் கழற்றி, அங்கே வளைந்த சிறு குழாயை மாட்டுவார்கள். டீசல் ஒழுகும். என்ஜினோடு சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலை ஓடும் திசையில் மெல்லத் திருப்புவார்கள். ஒழுக்கு மெலிந்து சொட்டாகி, சொட்டும் நிற்கப்போகும் இடத்தில்தான் பிளஞ்சர் துளையை மூடி, டீசலைத் தள்ளத் தொடங்குகிறது. அங்கே ஃப்ளைவீலில் உள்ள குறி, அந்த என்ஜினுக்குக் கம்பெனி சொன்ன டிகிரியோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பம்ப்பைச் சற்று நகர்த்தி மறுபடி பார்க்க வேண்டும்.

அப்புறம், ஆறு பிளஞ்சரும் சமமாகத் தருகிறதா என்பது. இதற்கு டெஸ்ட் பெஞ்ச் வேண்டும், காதால் கேட்டுச் சொல்ல முடியாது. பெஞ்சில் மோட்டார் பம்ப்பைச் சுற்ற, கோடு போட்ட ஆறு கண்ணாடிக் குழாய்களில் டீசல் ஏறும். ஒன்று தூக்கலாகவும் ஒன்று தாழ்வாகவும் நின்றால், ஒரு சிலிண்டர் புகைக்கிறது, இன்னொன்று சும்மா ஓடுகிறது என்று அர்த்தம். சரிசெய்தால், அதே டீசலில் இழுவையும் மைலேஜும் சேர்ந்தே வரும்.

ஆனால் பம்ப்பை இறக்கும் முன் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், நாசிலைக் கழற்றித் தெளிப்பைப் பாருங்கள். பனிபோல் விரியாமல் ஒழுகும் நாசிலை வைத்துக்கொண்டு பம்ப்பில் என்ன செய்தாலும் வீண். டீசல் ஃபில்டரில் கஞ்சத்தனம் வேண்டாம்: பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடையே சில மைக்ரான்தான் இடைவெளி, ரப்பர் சீல் இல்லை, டீசலே எண்ணெய். தூசியோ தண்ணீரோ உள்ளே போனால் அந்தப் பொருத்தம் தேய்ந்துவிடும், எந்த ஸ்க்ரூவாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.