ஜவ்வு கிழிந்தவர்கள் வென்ற கோப்பை

2025 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவின் டாம்பா நகரில் கல்லூரி மகளிர் கூடைப்பந்து இறுதி ஆட்டம் நடந்தது. முந்தைய ஆண்டு ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் கோப்பையை எடுத்த தென் கரோலினா பல்கலைக்கழக அணியை, கனெக்டிகட் பல்கலைக்கழக அணி 82-59 என்று வீழ்த்தியது. அந்த அணிக்கு இது 12ஆவது கோப்பை. ஆனால் 2016க்குப் பிறகு ஒன்றும் வாய்க்காமல் காத்திருந்தார்கள். முதலாண்டு மாணவி சாரா ஸ்ட்ராங் 24 புள்ளிகள் எடுத்தார். ஆஸி ஃபட் அதே 24, பெய்ஜ் பெக்கர்ஸ் 17.

கும்பகோணத்தில் இயன்முறை மருத்துவம் செய்கிற எனக்கு இந்த ஆட்டத்தில் என்ன அக்கறை என்றால், முழங்கால்தான். பெக்கர்ஸுக்கு 2022 ஆகஸ்டில் இடது முட்டியின் ஜவ்வு கிழிந்தது. அடுத்த சீசன் முழுவதும் அவர் ஆடவில்லை. ஆஸி ஃபட்டுக்குப் பள்ளியில் படிக்கும்போதே ஒருமுறை கிழிந்தது. 2023 நவம்பரில் மறுபடியும். அதே அணியின் ஆப்ரி கிரிஃபினுக்கு 2024 ஜனவரியில். ஏசிஎல் என்று மருத்துவர்கள் எழுதித் தருகிறார்களே, அந்த ஜவ்வு கிழிந்த மூவர் இருந்த அணிதான் கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத் தொடரின் சிறந்த வீராங்கனை விருதும் ஃபட்டுக்கே போனது.

எங்கள் டெல்டாவில் இதே காயம் பட்ட கல்லூரிப் பெண்களில் மறுபடி கோர்ட்டுக்குள் போனவர்களை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். காயம் ஒன்றுதான். அதற்குப் பிந்தைய ஓராண்டில் நடப்பதுதான் வேறு.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். மண்டலப் போட்டி, அல்லது வழக்கமான மாலைப் பயிற்சி. கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க (ரீபவுண்ட்) குதித்தவள் தரையிறங்குகிறாள். யாரும் இடிக்கவில்லை. முட்டிக்குள் ‘டப்’ என்று ஏதோ அறுந்தது போலிருக்கிறது. பி.டி. சார் ஓடிவந்து ஸ்பிரே அடிக்கிறார். ஐந்து நிமிடத்தில் வலி மட்டுப்படுகிறது. கடைசி குவார்ட்டர், ஆள் குறைவு, மறுபடி இறக்குகிறார்கள். இரண்டு மணி நேரத்தில் முட்டி வீங்கிவிடுகிறது. உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ஆனால் வீட்டில் அதைச் சுளுக்கு என்றே எடுத்துக்கொள்கிறார்கள். விளக்கெண்ணெய் தடவி நீவிவிடுகிறார்கள். உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துப் பற்றுப் போடுகிறார்கள். மூங்கில் சிம்பு வைத்து இறுக்கிக் கட்டுகிறார்கள். நடுவில் யாராவது எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் எடுத்துப் பார்க்கிறார்கள். எலும்பு நன்றாகத்தான் இருக்கும். ஜவ்வு எக்ஸ்ரேயில் தெரியாது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்து, அவள் நடக்கிறாள். எண்ணெய் வேலை செய்துவிட்டது என்று எல்லாருக்கும் நிம்மதி. எண்ணெய் போடாவிட்டாலும் அந்த வீக்கம் வடிந்திருக்கும். கிழிந்த ஜவ்வு அப்படியே கிழிந்துதான் கிடக்கிறது. சுமார் மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தத் திசு, தொடை எலும்புக்கு அடியில் கால் எலும்பு முன்னால் நழுவாமலும் திருகிக்கொள்ளாமலும் பிடித்து வைத்திருப்பது. முற்றிலும் அறுந்தால் தானாக ஒட்டுவது அபூர்வம். நேராக நடக்கும்போது அதன் குறை தெரியாது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, வரப்பில் திரும்பும்போது, கூப்பிட்ட குரலுக்குச் சட்டென்று திரும்பும்போது முட்டி ‘விலகிப் போகிறது’. அப்படி விலகும் ஒவ்வொரு முறையும் இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தையாக இருக்கும் குருத்தெலும்பு நசுங்குகிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில், பாட்டிகளுக்கு வரும் மூட்டுத் தேய்மானம் இவளுக்கு முப்பதுகளிலேயே வந்துவிடக்கூடும்.

ஆகவே முதல் மணி நேரங்களில் செய்ய வேண்டியதைப் பி.டி. ஆசிரியர்கள் சுவரில் எழுதி ஒட்டினாலும் தகும். ‘டப்’ என்ற உணர்வு, அன்றைக்கே வீக்கம், கால் ஊன்றினால் நம்பிக்கை இல்லாமல் போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்று அவளுக்கு ஆட்டம் கிடையாது, இறுதி ஆட்டமாகவே இருந்தாலும். ஐஸ் வையுங்கள், பக்கத்துப் பழச்சாறுக் கடையில் கேட்டால் தருவார்கள். துணியில் சுற்றிப் பதினைந்து இருபது நிமிடம். மிதமான அழுத்தத்தில் கிரேப் பேண்டேஜ் எனும் இழுபடும் கட்டுத்துணியைச் சுற்றிக் காலை உயர்த்தி வையுங்கள். சூடு வேண்டாம், நீவுதல் வேண்டவே வேண்டாம். எலும்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அனுபவமுள்ளவர் கையாலேயே முட்டியை முன்னிழுத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். எம்ஆர்ஐ உறுதி செய்யும். தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எலும்பியல் பிரிவு இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ள குடும்பங்கள் அங்கேயே காப்பீட்டுப் பிரிவில் விசாரித்துக்கொள்ளலாம்.

அறுவைச் சிகிச்சை எல்லாருக்கும் தேவையில்லை. ஓடுவதும் குதிப்பதும் திரும்புவதும் தன் வாழ்வில் இல்லை என்கிற சிலர் பயிற்சியால் மட்டுமே சமாளித்துவிடுகிறார்கள். மீண்டும் கூடைப்பந்து ஆட வேண்டும் என்றால் பெரும்பாலும் தேவைப்படும். இந்த இடத்தில்தான் அம்மாக்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: “முட்டியில் தையல் போட்டால் நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்வார்கள், மேடம்?” இப்போது இதை நுண்துளை முறையில்தான் செய்கிறார்கள், இரண்டு மூன்று சிறு துளைகளும், திசு எடுத்த இடத்தில் சில சென்டிமீட்டர் தழும்பும்தான் மிஞ்சும். தழும்பைப் புடவை மறைத்துவிடும். மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறுவதை எதுவும் மறைக்காது என்று நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வதுண்டு. கூடவே சென்னையின் அனிதா பால்துரையைப் பற்றியும் சொல்வேன். இந்திய அணிக்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆடியவர், தலைமை தாங்கியவர். குழந்தை பெற்ற பிறகும் அணிக்குத் திரும்பினார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். கல்யாணமும் கூடைப்பந்தும் ஒன்றுக்கொன்று பகை என்று யார் சொன்னது?

அறுவைச் சிகிச்சை முடிந்த பிறகு வரும் அவசரம் இன்னொரு விதம். தையல் பிரித்தாயிற்று, நடக்கிறாள், பிறகு எதற்குப் பிசியோ, பஸ் செலவுக்குக் கேடு என்று நிறுத்திவிடுவார்கள். அல்லது ஐந்தாவது மாதத்தில் போட்டி வருகிறது என்று அணியில் சேர்த்துவிடுவார்கள். உள்ளே வைத்துக் கட்டியிருப்பது அவளுடைய உடம்பிலிருந்தே எடுத்த தசைநார். பறித்து நட்ட நாற்று முதலில் வெளிறித் துவண்டு, பிறகு வேர் பிடித்துப் பச்சை கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இந்தத் தசைநாரும் அப்படித்தான். முதல் மாதங்களில் இருந்த வலுவையும் இழந்து, ரத்த ஓட்டம் பிடித்த பிறகே மெல்ல உரம் ஏறும். வலி போய்விட்டது என்பது அது உரம் ஏறிவிட்டதற்கு அடையாளமே அல்ல.

விளையாட்டுக்குத் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதம் என்பது இன்று உலகெங்கும் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட கணக்கு. மாதக் கணக்கு மட்டும் போதாது. ஒற்றைக் காலில் தாவிக் கடக்கும் தூரமும் தொடையின் வலுவும் நல்ல காலோடு ஒப்பிட்டால் தொண்ணூறு விழுக்காடாவது இருக்க வேண்டும். இருபத்தைந்து வயதுக்குள் மறுபடி விளையாடப் போகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அதே முட்டியிலோ மற்ற முட்டியிலோ மீண்டும் ஜவ்வு கிழிகிறது. அவசரப்பட்டவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். கனெக்டிகட்டில் ஃபட்டை அவர்கள் திரும்ப இறக்கியது ஓராண்டு கழித்து, 2024 நவம்பரில். பெக்கர்ஸ் அதைவிட அதிகமாகக் காத்திருந்தார். கோப்பை இல்லாமல் பயிற்சியாளர் ஜீனோ ஆரியெம்மாவுக்கு ஆண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. அவருக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. இருந்தும் காத்திருந்தார்கள். அங்கே அணிக்கென்றே மருத்துவக் குழு உண்டு, நமக்கு இல்லை, உண்மைதான். ஆனால் ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழ எந்தக் குழுவும் வேண்டாம். பொறுமைக்கும் நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

இவ்வளவும் கிழிந்த பிறகு. கிழியாமல் காப்பதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். இந்த ஜவ்வுக் காயங்களில் பெரும்பாலானவை யாரும் மோதாமல் நேர்கின்றன. குதித்து இறங்கும்போது, ஓடிவந்து நிற்கும்போது, பாதம் தரையில் பதிந்திருக்கத் திரும்பும்போது. முட்டி அதிகம் மடங்காமல் விறைத்து நிற்கும், உள்பக்கமாகச் சாயும், உடம்பின் எடை முழுவதும் அதன்மேல் இறங்கும். பாதம் தரையைத் தொட்டு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் எல்லாம் முடிந்துவிடும். யோசித்துச் சரிசெய்ய நேரமே கிடையாது. அதனால்தான் சரியாக இறங்குவது முன்கூட்டியே உடம்பில் ஊறியிருக்க வேண்டும்.

ஒரே ஆட்டத்தை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம் வருகிறது. இடுப்பின் அகலம், ஹார்மோன் என்று காரணங்களை அடுக்குவார்கள். அவற்றுக்குப் பங்கு இருக்கலாம். ஆனால் எங்கள் ஊர்ப் பெண்கள் விஷயத்தில் எனக்கு முதலில் படுவது வேறு. வயதுக்கு வந்த அன்றோடு ஓட்டமும் குதிப்பதும் நிற்கிறது. தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டே தசையும் சமநிலையும் சேர்த்துக்கொள்ளும் பன்னிரண்டிலிருந்து பதினேழு வயது வரை இவள் உட்கார்ந்தே கழிக்கிறாள். உயரம் கூடுகிறது, எடை கூடுகிறது, அதைத் தாங்க வேண்டிய தொடையும் பிட்டமும் வலுப்பெறவில்லை. கல்லூரியில் சேர்ந்ததும் நல்ல உயரம் என்று பி.டி. மேடம் அணிக்கு எடுத்துக்கொள்கிறார். ஆறே வாரத்தில் போட்டி. இதில் பெண்ணுடம்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நமது களிமண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் காலைப் பிடித்திழுக்கும். அதனால் இங்கே கோர்ட் என்றால் பெரும்பாலும் சிமென்ட்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் அதில் பாசி படர்கிறது. அதைவிடக் கேடு, வாரக்கணக்கில் பயிற்சி நின்றுபோய், மழை விட்ட கையோடு நேரே ஆட்டத்தில் இறங்குவது.

மழைக்காலத்திலும் வகுப்பறை வராந்தாவில் செய்யக்கூடிய பயிற்சிகள் உண்டு. மெதுவாக ஓடித் தொடங்குங்கள், பக்கவாட்டிலும் பின்னோக்கியும். பிறகு உட்கார்ந்து எழுதல், ஒரு காலை முன்வைத்துத் தாழ்தல், ஒற்றைக் காலில் நின்றபடி பந்தை வீசிப் பிடித்தல். ஒருத்தி கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, மற்றவள் மண்டியிட்டு உடம்பை நேராக வைத்தபடி மெல்ல முன்னால் சாய்வது. பின்தொடைக்கு அதைப் போல் வேறில்லை. அதற்குப் பிறகே குதித்தல். முதலில் இரண்டு காலில், பிறகு ஒற்றைக் காலில், பிறகு திரும்பியபடி. இறங்கும்போது முட்டி மடங்க வேண்டும், கால்விரல்களுக்கு நேராக இருக்க வேண்டும், ஒன்றையொன்று முத்தமிடக் கூடாது. என் சோதனை மிக எளிது: கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். ‘தொம்’ என்று சத்தம் வந்தால் விறைப்பாக இறங்குகிறாள். சத்தமே இல்லையென்றால் கற்றுக்கொண்டுவிட்டாள். தோழி கைப்பேசியில் முன்னாலிருந்து படம் பிடித்தால் முட்டி உள்ளே சாய்வது அவளுக்கே தெரிந்துவிடும்.

பதினைந்து முதல் இருபது நிமிடம், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, சீசன் முழுவதும். ஒழுங்காகச் செய்த அணிகளில் இந்தக் காயம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒழுங்காகச் செய்வதுதான் சிக்கல். இரண்டு வாரம் செய்வார்கள், பிறகு ‘வார்ம் அப்’ என்பது மைதானத்தைச் சுற்றி இரண்டு ரவுண்டு என்று சுருங்கிவிடும். மூன்று புள்ளி எறிவதைப் பழகக் கொடுக்கும் நேரத்தில் கால் பங்கை இதற்குக் கொடுக்கப் பயிற்சியாளருக்கு மனம் வருவதில்லை.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேரளத்திலிருந்தோ நன்னிலத்திலிருந்தோ முதல் பஸ்ஸைப் பிடித்து, வெறும் டீயோடு காலைப் பயிற்சிக்கு வருகிற பெண்கள் இருக்கிறார்கள். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. களைத்த கால் நன்றாக இறங்காது. சீசனுக்கு முன் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 12 கிராமுக்குக் கீழே என்றால் மருத்துவரைப் பாருங்கள். சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை டீ குறைக்கும், அதனால் அதைச் சாப்பாட்டோடு குடிக்காமல் தள்ளிக் குடியுங்கள். பயிற்சி கூடிய காலத்தில் மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வரவில்லை என்றால் ‘தொல்லை விட்டது’ என்று இருந்துவிடாதீர்கள். சாப்பாடு போதவில்லை என்பதற்கு அது ஓர் அறிகுறியாக இருக்கலாம், எலும்பும் அதில் மெலியும்.

கடைசியாக, என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி: மருந்துக்கடையில் விற்கிறதே, துணி முட்டி உறை, அதைப் போட்டுக்கொண்டு ஆடினால் போதாதா? போதாது. அது முட்டிக்குக் கதகதப்பும் மனதுக்குத் தைரியமும் தரும், ஜவ்வைக் காக்காது. கிழிந்த முட்டியோடு அதை மாட்டிக்கொண்டு ஆடுகிறவர்களுக்கு அந்தத் தைரியமே வினையாகிவிடுகிறது. அந்தக் காசுக்கு, ஒட்டத் தேய்ந்துபோன ஷூவை மாற்றுங்கள்.