இரும்புக்குக் கதவு திறக்கும் மரபணுக்கள்

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், மறுநாளே மலம் கறுத்துவிடும். குடல் ஏற்காமல் விட்ட இரும்புதான் அந்தக் கறுப்பு. உடம்புக்கு வேண்டியதுதானே, பிறகு ஏன் விட்டுவிடுகிறது?

காரணம் இருக்கிறது. நம் உடம்பில் மொத்தமே 3, 4 கிராம் இரும்புதான். கூடுதலாகச் சேர்ந்தால் கழித்துவிடச் சிறுநீரிலோ வியர்வையிலோ அதற்கென்று வழி கிடையாது. சேர்ந்தது கல்லீரலையும் இதயத்தையும் கெடுக்கும். அதனால் கட்டுப்பாடெல்லாம் நுழைவாசலில்தான். ஒரு நாளில் உள்ளே போவது 1 முதல் 2 மில்லிகிராம்.

வாசல் எது என்றால், இரைப்பையை அடுத்து வரும் முன்சிறுகுடல். ஒரு சாணைவிடக் கொஞ்சம் நீளம். அதன் உட்சுவரில் இருக்கும் செல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம். உணவைப் பார்த்த பக்கத்தில் டிஎம்டி1 என்ற புரதம் இரும்பை உள்ளே இழுக்கிறது. ரத்தத்தைப் பார்த்த பக்கத்தில் ஃபெர்ரோபோர்ட்டின் அதை வெளியே விடுகிறது. நடுவில் ஃபெர்ரிடின் என்ற சேமிப்புப் புரதம்.

இந்தக் கதவுகளைச் செய்யும் மரபணுக்கள் எப்போதும் ஒரே வேகத்தில் இயங்குவதில்லை. ஹிஃப்-2 ஆல்ஃபா என்ற புரதம்தான் அவற்றை முடுக்கிவிடுகிறது. செல் இதை ஓயாமல் தயாரிக்கிறது, ஓயாமல் அழிக்கவும் செய்கிறது. அழிக்க வேண்டும் என்று அதன்மேல் அடையாளம் வைப்பது ஒரு நொதி. அந்த நொதி வேலை செய்ய ஆக்ஸிஜனும் வேண்டும், இரும்பும் வேண்டும். எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள்! செல்லுக்குள் இரும்பு குறைந்தால் நொதி முடங்கும், ஹிஃப் பிழைத்து உட்கருவுக்குள் போகும், கதவுகளுக்கான மரபணுக்கள் சுறுசுறுப்பாகும். குடல் செல்களில் மட்டும் இந்தப் புரதம் இல்லாத எலிகளால் இரும்பைச் சரிவர உறிஞ்ச முடியவில்லை என்று 2009இல் வந்த ஆய்வுகள் காட்டின.

சரி, உடம்பில் இரும்பு எவ்வளவு இருக்கிறது என்று குடல் செல்லுக்கு எப்படித் தெரியும்? கல்லீரல் சொல்லும். கையிருப்பு போதுமென்றால் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அது ரத்தத்தில் விடும். வெறும் 25 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னச் சங்கிலி. அது ஃபெர்ரோபோர்ட்டினோடு ஒட்டிக்கொண்டால் அந்தக் கதவே சிதைந்துபோகும். உள்ளே வந்த இரும்பு செல்லிலேயே தேங்கும். தேங்கிய இரும்பு அந்த நொதியை உசுப்ப, ஹிஃப் குறைந்து உணவுப் பக்கத்துக் கதவும் சுருங்குகிறது. குடல் செல்லின் ஆயுள் சில நாள்தான். அது உதிரும்போது தேங்கிய இரும்பும் அதோடு போய்விடும்.

நோய்த்தொற்றோ நாள்பட்ட அழற்சியோ இருந்தாலும் ஹெப்சிடின் ஏறும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அவர்களைப் பார்த்து 'நீ ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை' என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அது வருத்தமாக இருக்கும். கீரையும் மாத்திரையும் தவறாமல் சாப்பிட்டும் கதவு மூடியே இருக்கலாம்.

மாத்திரை போட்டாலே ஹெப்சிடின் ஏறி, ஏறக்குறைய ஒரு நாள் அப்படியே இருக்கிறது. இரும்பு குறைந்த இளம்பெண்களிடம் சுவிட்சர்லாந்தில் சோதித்தபோது, தினமும் தருவதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் தந்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதல் இரும்பு உள்ளே போனது. இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரையை மாற்ற வேண்டாம், கர்ப்பிணிகள் கண்டிப்பாக வேண்டாம். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கேட்டுப் பாருங்கள்.